‘குவயட்’ என்று எனக்குக் கிடைத்த பெயர்

வெள்ளிக்கிழமை காலையென்றால் என் உள்ளங்கை வியர்த்துவிடும். நாற்பது பேர் பென்சில் சீவிய மரத்தூள் வாசனை வகுப்பறையில் சுற்றிக்கொண்டிருக்க, ஈரமான மணிக்கட்டு தாளோடு ஒட்டிக்கொண்டு வர, ‘ஸ்பெல்லிங்’ சோதனை தொடங்கும். ஆசிரியை பத்துச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார், நாங்கள் எழுத வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு அது பத்து நிமிட வேலை. எனக்குத்தான் காது கேட்காதே!

இதை அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் உலகம் இப்படிப் பஞ்சு அடைத்தாற்போலத்தான் கேட்கும், மற்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் புரிந்துகொள்கிறார்கள், நான் மக்கு என்பதால் முழிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் உயரத்தின்படி உட்கார வைப்பார்கள். நான் நெட்டைக்கொக்கு, ஆகவே கடைசி வரிசை. அங்கிருந்து ஆசிரியையின் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்லைப் பிடிப்பேன். அவர் ஜன்னல் பக்கம் நடந்து முதுகைக் காட்டிவிட்டால் போச்சு. அதனால் வியாழக்கிழமை இரவுகளில் பத்துச் சொற்களையும் புத்தகத்தில் இருந்த வரிசையிலேயே மனப்பாடம் செய்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கீழிருந்து மேலாகச் சொல்லத் தொடங்கியது எனக்குத் தெரியவில்லை. பத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி, பத்துக்குப் பூஜ்யம் வாங்கிய ஒரே ஆள் அந்தப் பள்ளியிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆண்டு முடிவில் ‘ரிப்போர்ட் புக்’ வரும்போது, மதிப்பெண்கள் தலைகுனிய வைத்தாலும், ஆசிரியையின் குறிப்பில் முதல் சொல் ‘குவயட்’ என்றிருக்கும். அமைதியான மாணவி, வகுப்பில் இன்னும் கொஞ்சம் பங்கெடுக்கலாம் என்பதுதான் முழு வாக்கியம். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா அதை வாசித்துக் காட்டுவார். பின்பாதியை மட்டும், “அது எல்லாப் புள்ளைங்களுக்கும் எழுதுறதுதான்” என்று தள்ளிவிடுவார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். என்னை அழைத்துப்போகப் பள்ளி வாசலில் நிற்கும் நேரங்களில், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஆசிரியர்கள் தொண்டை கிழிய “குவயட்! குவயட்!” என்று கத்துவதைக் கேட்டிருக்கிறார். நாற்பது பிள்ளைகளிடம் நாளெல்லாம் கெஞ்சியும் கிடைக்காத ஒன்றைத் தன் மகள் கேட்காமலே தருகிறாள் என்றால் பெருமை இருக்காதா? மார்சிலிங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போனால் அங்கேயும் சொல்வார்: “எம் பொண்ணு இருக்குற இடமே தெரியாது.” எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை இழந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் நான் இன்னும் சுருங்கிக்கொள்வேன். பேசினால் தப்பாகப் பதில் சொல்லி மாட்டிக்கொள்வேன் அல்லவா? பேசாமல் இருந்துவிட்டால் மக்கு என்பதும் தெரியாது, பெயரும் போகாது.

பல வருடங்கள் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் தடித்த அகராதி ஒன்றில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன். கியூ, யூ, ஐ, ஈ, டி. கடைசி இரண்டு எழுத்தை மாற்றிப் போட்டு, ‘குவைட்’ என்ற வேறு சொல்லாக்கி நான் வாங்கிய சிவப்புக் கோடுகளுக்குக் கணக்கே இல்லை. பார்த்தால் அந்த இரண்டுமே ஒரே லத்தீன் வேரில் பிறந்த உறவுக்காரச் சொற்களாம். வேலையைவிட்டு விலகுவதைச் சொல்லும் ‘குவிட்’டும், நாணிக் கோணுவதைச் சொல்லும் ‘கோய்’யும்கூட அதே குடும்பம்தான். மூலப்பொருள் என்ன தெரியுமா? ஓய்வு. ஓய்வாம்! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது. ஒவ்வொரு வாயையும் விழுந்து விழுந்து பார்த்து, யார் எப்போது எந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார்களோ என்று கழுத்து வலிக்கத் திரும்பிக்கொண்டே இருந்த அந்த வயதில், நான் ஓய்ந்து உட்கார்ந்த ஒரு நிமிடம்கூட எனக்கு ஞாபகமில்லை.

அந்தப் பெயர் கலைந்தது, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில். அம்மா அங்கே மாடியில் இருந்த ஒரு தையல்கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது, தொடக்கநிலை மூன்று. பள்ளி விடுமுறையில் என்னையும் அழைத்துப்போவார். அந்தக் கடையில் எனக்கு ஒரே ஒருவரைக் கண்டால் நடுக்கம். துணி வெட்டும் மல்லிகா அக்கா நல்லவர்தான். ஆனால் அளவு குறித்துக்கொண்டே துணியில் குத்துவதற்காக, ஐந்தாறு குண்டூசிகளை எப்போதும் உதடுகளுக்கு இடையில் கவ்விக்கொண்டிருப்பார். அப்படியே பேசவும் செய்வார். மற்றவர்களுக்கு அது பழகிவிட்டது. உதடு அசையாத அந்தப் பேச்சு எனக்கோ சுவர் பேசுவது மாதிரி.

அன்று அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் சிரித்தேன், எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். மறுபடி சொன்னார். மறுபடி சிரித்தேன். அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார்.

“செவப்பு நூல் எடுன்னேன். ரெண்டு தடவ சொல்லிட்டேன் லா. இந்தப் புள்ளைக்கு என்ன?”

“அவ அப்படித்தாங்கா, ரொம்ப குவயட்டு” என்றார் அம்மா, தையலிலிருந்து நிமிராமலே.

மல்லிகா அக்கா என் பின்னால் போனது தெரிந்தது. அதன்பின் நான் கண்டதெல்லாம், எதிரே தைத்துக்கொண்டிருந்த பெண்கள் திடுக்கிட்டதும் ஒருவர் நெஞ்சில் கை வைத்ததும்தான். ஏன் என்று புரியாமல் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைத் தூக்கித் தரையில் போட்டிருக்கிறார், என் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி. அம்மாவின் கால் தையல் இயந்திரத்தின் மிதியைவிட்டு நழுவியது. “ஐயோ, திரும்பவே இல்லையே!” என்று அவர் வாய் அசைந்ததை நான் கண்ணால்தான் படித்தேன்.

அந்த வாரமே மருத்துவமனை. சளி பிடித்தபோதெல்லாம் சொட்டு மருந்து விட்டு ஆற்றிய காதுவலி, இடது காதின் உள்ளே எலும்புவரை அரித்துவிட்டிருந்தது. வலது காதில் நீர் கோத்திருந்தது, அதை வடித்துச் சின்னக் குழாய் வைத்தால் கேட்கும் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் இடது காதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை, தமிழ் தெரிந்த தாதி அம்மாவுக்கு மொழிபெயர்த்தார். அம்மா அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வலது காது திறந்த பிறகு நான் வாயையும் திறந்தேன். அடேயப்பா, என்ன பேச்சு! மறு வருடம் ரிப்போர்ட் புக்கில், ஓயாமல் பேசுகிறாள், பக்கத்தில் இருப்பவர்களைப் படிக்கவிடுவதில்லை என்று எழுதி வந்தது. அப்பா தயங்கித் தயங்கி வாசித்தார். அம்மா அதைக் கைப்பையில் வைத்து தேக்காவுக்கு எடுத்துப்போய்க் கடையில் ஒவ்வொருவருக்கும் காட்டினார்.

இன்று அந்தக் கடை இல்லை, ஊருக்குப் பார்சல் அனுப்பும் நிலையமாகிவிட்டது. கையெழுத்தில் குறிப்பு எழுதிய ரிப்போர்ட் புக்கும் போய், எல்லாம் கைப்பேசித் திரையில் வருகிறது. போகாதது அம்மாவின் மனக்குறை ஒன்றுதான். எழுபது வயதைத் தாண்டியும், “கூடவே வச்சுக்கிட்டுக் கவனிக்காம விட்டுட்டேனே” என்று ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் தேக்கா சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஆரம்பித்தார். அன்று எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். தொடக்கநிலை ஒன்றில் பள்ளியிலேயே எங்கள் காதைச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சோதிக்க வந்த தாதியின் விரல் கருவியின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக் கையைத் தூக்கினேன். எல்லாம் சரி என்று எழுதிவிட்டார்கள்.

“தோத்துட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு பயந்துட்டேம்மா. தப்பு என்னோடது.”

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். என் இடப்பக்கத்திலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து, காதருகே குனிந்தார்.

“அப்ப உனக்கு ஏழு வயசு. எனக்கு முப்பத்தி நாலு” என்றார்.