தீர்த்தம் குடித்த லாரி

“பொம்பளப் புள்ள முன்னால உக்காந்தா வண்டி தம்பின் ஊருக்குப் போய்ச் சேராதும்மா. நான் சொல்லல, வண்டியோட ராசி அப்படி” என்றார் பொன்னுசாமி அண்ணன். மலாக்காவின் காஜா பெராங் சந்தியில் நின்ற தன் லாரியின் முதுகிலிருந்த ஆளுயரக் கரியடுப்பை அவர் கிளறிக்கொண்டிருந்தார்.

நான் போயே ஆக வேண்டும். தம்பினுக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை வேலை காலி. நடுப்பகலுக்குள் வருகிறவர்களை மட்டும்தான் பெரிய வாத்தியார் பார்ப்பார். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். ரயிலில் போகலாம் என்றால், ஜப்பான்காரர்கள் தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்ரோலும் கிடையாது. மிச்சமிருப்பது கரிப்புகையில் ஓடும் லாரிதான். இருபத்துநான்கு மைலுக்கு, ஜப்பான்காரர்கள் அச்சடித்த வாழைமர நோட்டில் எட்டு வெள்ளி.

கடிகாரமும் இப்போது தோக்கியோ கணக்குத்தான்; அதில் காலை எட்டு மணி. மலாக்கா வானம் அப்போதுதான் வெளுத்திருந்தது. அண்ணன் தேங்காய் உடைத்தார். பின்னால் அடுக்கியிருந்த கரிமூட்டைகளின்மேல் மஞ்சள் தண்ணீரைப் பக்தியோடு ஊற்றினார். ஆரம்பத்தில் ஒரு செம்புதானாம். வண்டி நடுவழியில் நிற்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு செம்பு கூட்டி, இப்போது ஒரு குடம்.

முன்சீட்டில் மெத்தை இல்லை. பதிலுக்கு ஒரு கரிமூட்டை கிடந்தது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். குடத்தோடு வந்தவர் என்னைப் பார்த்து, “பொம்பள உக்காந்த மூட்டைக்குத் தீர்த்தம் ஆகாது” என்று திரும்பிவிட்டார்.

பின்னால் கருவாட்டுக் கூடைகளோடு காதர் பாய் ஏறினார். பக்கத்தில் மலாய்க்காரர் பா ஹமீதின் கரி லாரியும் உறுமியது. இருவருக்கும் தினமும் போட்டி. முந்திப் போகிறவருக்கே தம்பின் சந்தைச் சரக்கு.

செங் என்ற ஊரில் முதல் நிறுத்தம். அதாவது வண்டி நின்றது, நாங்கள் நிறுத்தவில்லை. “செத்துப்போச்சா?” என்று மலாயில் கேட்டுக்கொண்டே பா ஹமீது எங்களைத் தாண்டிப் போனார்.

“காலையில எந்த மூஞ்சில முழிச்சேனோ!” என்றார் அண்ணன்.

“கண்ணாடி பாத்துதானே மீசைய முறுக்குனீங்க?” என்றார் பாய்.

ரும்பியாவில் இரண்டாவது நிறுத்தம். அண்ணன் அடுப்பு மூடியைத் திறந்து கரியைக் கொட்டினார். உஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பாதி வழிதான் வந்திருந்தோம்.

“அண்ணே, கரி ஈரமா இருக்கு.”

“ஈரம் இல்லம்மா. தீர்த்தம்.”

“அது அடுப்புக்குத் தெரியுமா? வண்டி நிக்குதுன்னு நீங்க ஊத்துறீங்க. நீங்க ஊத்துறதாலதான் வண்டி நிக்குது!”

“சரியாதான் கேக்குது லா” என்றார் பாய்.

நான் எழுந்தேன். “இந்த மூட்டையப் போடுங்க. இது ஒண்ணுதான் காஞ்சு கிடக்கு.”

“பொம்பள உக்காந்த கரி...” என்று இழுத்தவர், சூரியனைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வண்டி கல்யாணக்கச்சேரிபோல முழங்கிக்கொண்டு கிளம்பியது. நான் சீட்டின் வெறும் கம்பிச்சுருளில் குதித்துக் குதித்துப் பயணம் செய்தேன். என் வெள்ளைச் சேலையின் பின்புறத்தில் கரி ஒரு முழுத் தேசப்படமே வரைந்திருந்தது.

அலோர் காஜா தாண்டியதும், சாலையோரத்தில் பா ஹமீதின் லாரி. டியூப் கிடைக்காமல் லாலான் புல் அடைத்த டயர் ஆணி குத்திக் கிழிந்து, புல் வெளியே தொங்கியது.

“பாத்தியாம்மா, ராசி!” என்றார் அண்ணன்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அது மட்டும் ராசிதான். ஒழுங்காகப் பராமரித்த வண்டி அது, ஒரு ஆணிக்குத் தோற்றுவிட்டது. நின்றால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில் அண்ணன் நிறுத்தவில்லை. ஆறுதலுக்கு ஒரு தேங்காய்மூடியை மட்டும் பா ஹமீதை நோக்கி வீசினார்.

நடுப்பகலுக்குச் சற்று முன்பே பள்ளியில் நின்றேன். பெரிய வாத்தியார் என் சேலையை மேலும் கீழும் பார்த்தார்.

“எதுலம்மா வந்தே?”

“கரி லாரியிலங்க ஐயா.”

“கரி லாரியில ஏறியும் நேரத்துக்கு வந்துட்டியா? அப்ப திங்கக்கிழமையே வந்துரு.”

திரும்பும் வழியெல்லாம் அண்ணனுக்கு ஒரே பரவசம். “எல்லாம் உன் ராசிம்மா! திங்கக்கிழமை எல்லா மூட்டை மேலயும் கொஞ்சம் கொஞ்ச நேரம் உக்காந்து எறங்கிரு. இனிமே தீர்த்தமே வேணாம்.”

வழியில் கிடக்கும் ஆணியை நான் என்ன செய்ய முடியும்? கரியை என்ன செய்யலாம் என்பது தெரியும். திங்கட்கிழமைக்கான மூட்டைகளை அண்ணனிடமிருந்து வாங்கிவந்து எங்கள் முற்றத்தில் கொட்டி வெயிலில் காயவைத்துவிட்டேன். அண்ணன் வந்து கேட்டால், எல்லாவற்றின்மேலும் நான் உட்கார்ந்து எழுந்ததாகச் சொல்ல அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.