லேடீஸ் சீட்டில் துண்டு போட்ட ஞானராஜ்

போடியில் எங்கள் கடையில் ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தோம். என் மகன் முருகேசன் போனும் கையுமாக வந்து, "அப்பா, தேனி ஞானராஜ் சார் தவறிட்டாகளாம். நெஞ்சுவலி" என்றான். எடை காட்டும் ஸ்கிரீனைப் பார்த்தேன். அவர் எழுதிக் கொடுத்தது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கம்பம், போடி கடைகளில் பாதிக்கு அவர்தான் பில் போடும் புரோகிராம் எழுதினார். அவரை அறிந்த கடைக்காரர்களான உங்களிடம் நான் புதிதாகப் புகழ ஒன்றுமில்லை. எனக்கு அவர், எடை பார்க்கும் என் நாற்காலியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்.

கடையில் கம்ப்யூட்டர் தராசு வைத்தபோது எடை வெறும் எண்ணாக ஓடியது. என் மங்கிய கண்ணுக்கு ஓடுகிற எண் பிடிபடாது. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தே பழகியவன் நான். "நீங்க வீட்ல இருங்கப்பா, எடைய நான் பாத்துக்கிறேன்" என்றான் முருகேசன். பாசமாகத்தான் சொன்னான். வீட்டில் இருந்தால் அவன் அம்மா என்னை என்ன பாடு படுத்துவாள் என்பது அவனுக்குத் தெரியாது.

புரோகிராம் போட வந்த ஞானராஜ் ஒரு நாள் காலை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் கண்ணையே பார்த்தார்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தீகளா?"

"மாப்பிள்ளைக்கு முள்ளுதான் வேணும்னு தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி."

ஸ்கிரீனில் தெரிகிற மாதிரி முள்ளோடு வட்டத் தராசு ஒன்றை அவரே எழுதினார். ஆனால் ஸ்கிரீனை வடிவமைக்கிற சாஃப்ட்வேர் அதை உள்ளே விடவில்லை. தன்னிடம் உள்ள பெட்டி, பட்டன்களை மட்டுமே எடுத்து வைக்க விடும். முருகேசன், "எண்ணே போதும் சார்" என்றான். ஞானராஜ் என்னிடம் திரும்பி, "மாட்டேங்கிற சாஃப்ட்வேர்கிட்ட மல்லுக்கட்டக் கூடாது அண்ணாச்சி. அதுக்குத் தெரிஞ்சதக் காட்டிட்டு நம்ம வேலைய முடிக்கணும்" என்றார்.

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்றேன்.

எண் ஓடின பெட்டியையே இருந்த இடத்தில் விட்டுவைத்து, ஏதோ தட்டினார்.

"இங்கன முள்ளு எங்கய்யா?"

"பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிப்போம்ல, அது மாதிரி. இந்தப் பெட்டி துண்டு. உக்காரப்போற ஆள் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். ஓடும்போது முள்ளு வந்து உக்காந்துக்கிரும்."

ஓட்டினார். ஸ்கிரீனே திறக்கவில்லை, சிவப்பு எழுத்துதான் வந்தது. வாசலில் காய் கொண்டுவந்தவர்கள் காத்திருந்தார்கள். முருகேசன் என் நாற்காலியில் கை வைத்தான். ஞானராஜ் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"லேடீஸ் சீட்ல துண்டு போட்டுட்டேன் அண்ணாச்சி."

அவர் பிடித்து வைத்தது எழுத்து காட்டும் வகைப் பெட்டி. தராசை எழுதியதோ வெற்றுப் பெட்டி வகையில். எந்த வகையில் பிறந்ததோ அந்த வகை இடத்தில்தான் அது உட்காருமாம்.

"கண்டக்டர் இறக்கிவிட்டாரா?"

"வேற சீட் பிடிக்கேன், இருங்க."

பழைய பெட்டியை எடுத்துவிட்டு வெற்றுப் பெட்டி வைத்து ஓட்டினார். முள் எழுந்து மூட்டை எடையில் நின்றது. படித்துச் சொன்னேன். முருகேசன் ஒருமுறை சரிபார்த்தான். பிறகு நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு மூட்டை தூக்கப் போனான்.

அதற்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? "முள்ளு லேசா சாயுது தம்பி" என்று அடிக்கடி போன் போடுவேன். தேனியிலிருந்து பைக்கில் வந்துவிடுவார். முள்ளில் ஒரு குறையும் இருக்காது. டீ குடித்துப் பேசிக்கொண்டிருப்போம். கடைசியாக வந்தபோது சொன்னார்: "முள்ளு சாயலன்னு மொதத் தடவையே தெரியும் அண்ணாச்சி. டீ நல்லாருக்கு, அதான் வாரேன்."

அவரால் எனக்கு மிஞ்சியது இந்த நாற்காலி. அடக்கம் முடிந்து வந்து அதில் உட்கார்ந்தேன். முள் நேராக நின்றது. சாய்கிறது என்று யாருக்காவது போன் போட வேண்டும்போல் இருந்தது.