மண் ரோட்டில் வந்த மாப்பிள்ளை

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் செனாயில் என் லாரிப் பட்டறையைத் தெரியாத ஆள் இல்லை. நாலு வார்த்தை பேசினாலே ஆளை எடைபோட்டுவிடுவேன்.

ரெங்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நல்ல தார்ச்சாலை உண்டு. ஆனால் என் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும், செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டைத் தவிர வேறு வழியே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுவேன். உண்மையான ஆசை இருப்பவன் எப்படியும் வந்து சேர்வான் அல்லவா? முதல் இரண்டு மாப்பிள்ளைகள் பாதியிலேயே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது, ஜொகூர் பாரு பையன். அன்று நல்ல மழை. கார் சேற்றில் புதைந்துவிட, முழங்கால் வரை சேறோடு, பழத்தட்டைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே வந்துவிட்டான்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அலமாக்! அந்தப் பக்கம் தார் ரோடு இருக்கே, தம்பி!” என்று சீண்டினேன்.

“தெரியும் அங்கிள். உங்க மக நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. ஆனா நீங்க இந்த ரோட்டுலதானே வரச் சொன்னீங்க!”

திகைத்துப்போய் மகளைத் திரும்பிப் பார்த்தேன். “முன்னால வந்தவங்களுக்கு ஏம்மா சொல்லல?”

“அவங்க திரும்பிப் போகட்டும்னுதான்பா,” என்று சிரித்தாள்.

வீடே அதிரும்படி நானும் சிரித்தேன். அன்றைக்கே கல்யாணத் தேதி பேசி முடித்தோம்.

தடை வைத்தால்தான் ஒருவருடைய உண்மையான ஆசை தெரியும் என்று இன்றும் அடித்துச் சொல்வேன். என் மகளின் ஆசையும் எனக்கு அப்படித்தானே தெரியவந்தது.