கலவையக்காவும் ஒரு வாளி ரெசினும்

குளிர் காலைகளில் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு விரல்கள் மடங்காது. கலவையக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல் கலவை முடிந்ததும், அடியில் மிஞ்சியதைக் கோப்பையோடு பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் பிடிங்கண்ணே, உள்ள வைக்க இடமில்லை" என்பாள். அடுப்பே இல்லாமல் கோப்பை சூடேறும். உள்ளே வேண்டிய மட்டும் இடம் கிடந்ததைக் காவலாளி ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

கைகழுவும் தொட்டிகள் வார்க்கும் பட்டறை அது. பிசின் போன்ற ரெசினில் ஹார்ட்னர் என்ற திரவத்தைக் கலந்து அச்சில் ஊற்றினால் கல்லாக இறுகிவிடும். இருபது வருடமாகக் கலக்குவது அக்காதான், அதுவும் சின்னச் சின்னக் கோப்பையாக. ஏன் சூடாகிறது என்று ரெசின் விற்க வந்தவரிடம் ஒருமுறை கேட்டுவந்து காவலாளிக்கும் சொன்னாள். அணுக்கள் தள்ளி நின்றால் ஒன்றையொன்று இழுக்குமாம். அளவு மிஞ்சி நெருங்கினால் முட்டித் தள்ளுமாம். இழுப்பும் தள்ளலும் சரிக்குச் சரியாகும் தூரத்தில் அடங்கி உட்காருமாம். அப்படி உட்காரும்போது மிச்சமாகிற சக்திதான் சூடாக வெளியே வருகிறது. மறுபடி பிரிக்க வேண்டுமானால் அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"நானும் என் நாத்தனாரும் மாதிரிண்ணே. ரெண்டு தெரு தள்ளிக் குடிபோனப்புறம்தான் ஒட்டிக்கிட்டோம்."

கண்ணுக்குத் தெரியாத அணுவுக்கும் ஆண்டவன் ஓர் இடைவெளி வகுத்திருக்கிறானே என்று காவலாளிக்குக் கை தானாகக் குவிந்தது.

பிறகு முதலாளியின் மைத்துனர் மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தார். எடுத்ததற்கெல்லாம் 'சீக்கிரம்' என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அறுபது தொட்டிக்கு அவசர ஆர்டர் வந்ததும், கோப்பை கோப்பையாகக் கலப்பது சோம்பேறித்தனம், ஒரே வாளியில் கலக்கு என்றார். மொத்தமாகச் சேர்ந்தால் சூடு வெளியேற வழியில்லை, தன் சூட்டிலேயே வெந்து வாளிக்குள்ளேயே இறுகிவிடும் என்று அக்கா சொன்னாள். கலக்காவிட்டால் வேலை போகும் என்றார் சீக்கிரம். அக்காவின் வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் உலை ஏறியது. அப்படியும் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சீக்கிரமே தன் கையால் கலக்கினார். சீக்கிரமாகவே புகை வந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். புகை அடங்கி வந்து பார்த்தால் வாளி பாறையாகியிருந்தது. கலக்குவதற்கென்று அவர் ஆசையாக வாங்கிய நீளக் கரண்டி அதன் நடுவில் விறைப்பாக நின்றது.

முதலாளி நியாயவான், இருவரையும் நிற்கவைத்து விசாரித்தார். அக்கா எச்சரித்தது உண்மைதான், ஆனால் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லவில்லை என்றார் மைத்துனர். மெதுவாகச் சொன்னதே குற்றம் என்று தீர்ப்பாயிற்று. அக்காவுக்கு அன்றோடு வேலை இல்லை.

சாப்பாட்டு டப்பாவோடு வாசலுக்கு வந்தாள். துவைத்து மடித்திருந்த அந்தப் பழந்துணியைக் காவலாளியின் மடியில் வைத்தாள். உள்ளே ரம்பச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கரண்டியை உருவப் போராடிக்கிட்டு இருக்கார்ண்ணே. அது வராதுன்னு போய்ச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."