துண்டால் துடைத்த நாற்காலி

நான் எழுதிய நாடகங்களில் ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு காட்சியைத்தான். தாலுகா ஆபீசுக்கு மனுக் கொடுக்க வந்த சம்சாரியிடம் (எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்), அதிகாரி ஒரு நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்பார். சம்சாரி தோளிலிருந்து துண்டை உருவி அந்த நாற்காலியைத் துடைக்க ஆரம்பிப்பார். அதன் கையைத் துடைப்பார், காலைத் துடைப்பார், குனிந்து அடியிலும் துடைப்பார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய், ஏற்கெனவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குப் பக்கத்தில் போட்டு, "உக்காருங்கய்யா" என்பார். அருப்புக்கோட்டை மண்டபத்திலும் பாலவனத்தம் மைதானத்திலும் அந்த இடத்தில் வசனம் கேட்காத அளவுக்குச் சிரிப்பு. குறும்படம் எடுக்கிற ஒருவர்கூட அதை மட்டும் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்.

அந்தச் சம்சாரி என் அப்பா.

மழை பொய்த்து மல்லி கருகிய வருஷம் அது. நான் காலேஜில் இரண்டாம் வருஷம். நிவாரண மனுவை நானே எழுதினேன். எங்கள் வீட்டு ஆள் கைப்பட எழுதிய முதல் மனு. திருச்சுழி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் அப்பா "எம் மகன் எழுதுனது" என்று காட்டிக்கொண்டே வந்தார். ஆபீசில் நாற்காலியைக் காட்டியதும், துடைக்கச் சொல்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார். அதற்கு முன் எந்த ஆபீசிலும் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அங்கிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

வாசலில் நின்ற நானும் சிரித்தேன். சிரிப்பு வந்து சிரிக்கவில்லை. நான் அவர்களைப் போலப் படித்த ஆள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று சிரித்தேன். அப்பாவின் முதுகு என் பக்கம் இருந்தது. அவர் பார்க்கவில்லை.

நாடகமாக எழுதும்போது மகனை விட்டுவிட்டேன். இன்னொரு ஆள் வந்தால் காட்சி இழுக்கும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஒவ்வொரு தடவையும், அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவே வாசல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

திருச்சுழியில் நாடகம் என்றதும் அப்பா, "நானும் வாரேன்" என்றார். சம்சாரியாக நடிப்பவர் பகலில் தறி ஓட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு, மேடையில் எங்கள் ஊர்க்காரரையே மிஞ்சும் தமிழ். அவரிடம் போனேன்.

"அண்ணே, இன்னைக்கு மட்டும் நாற்காலி வேண்டாம்ணே."

"ஏலே, புளி இல்லாம ரசம் வைக்கச் சொல்றியே! அது இல்லாட்டி நான் எதுக்கு வேசம் கட்டுறேன்?"

"எங்கப்பா வாராகண்ணே."

"வரட்டும். அவுகளும் சிரிக்கட்டும்."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்குப் புரியவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் அடியிலெல்லாம் தொடைக்கலய்யா. மேல மட்டுந்தான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவரே தொடர்ந்தார்:

"அது கெடக்கு, நல்லாத்தான் சிரிப்பு காட்டுறான். ஆனா நாடகத்துல வர்ற அந்தாளு பாவம்யா. ஒத்தையில வந்திருக்கான். எல்லாரும் சிரிக்கயில அவனுக்குன்னு ஒரு ஆளு இல்ல. எனக்கு நீ இருந்த. வாசல்ல எம் மகன் நிக்கான்ங்கிற தெம்புலதான அன்னைக்கு நான் நிமுந்து நின்னேன்."

நானும்தான் சிரித்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இறங்குகிற இடம் வந்துவிட்டது, சொல்லவில்லை.

அந்த வாரமே மகனை எழுதிச் சேர்த்தேன். வாசலில் நிற்கிறான், சிரிக்கிறான், அவ்வளவுதான். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் கப்பென்று அடங்கிவிட்டார்கள். தறிக்கார அண்ணனுக்குக் கோபம்.

"காமெடி எழுத வந்தியா, எழவு சொல்ல வந்தியா? யாருலே இந்தப் பய?"

"நாந்தாண்ணே. துண்டால தொடச்சது எங்கப்பா."

அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதை மேசைமேல் வைத்தார். "அப்ப வேற எவனும் அந்தச் சிரிப்பச் சிரிக்கக் கூடாது. மகனா நீயே ஏறு" என்றார்.

நான் மேடை ஏறியதே இல்லை. ஒத்திகையில் இதுவரை ஒருமுறைகூட எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

நேற்று அப்பா கேட்டார், "அடுத்த நாடகம் எங்கய்யா?"

"வீரசோழன்ல. ஞாயித்துக்கெழம."

"வாரேன். அந்தாளுக்குக் கூட ஒரு ஆளு சேத்திருக்கியா?"

"சேத்திருக்கேன்ப்பா."

"யாரு?"

"மகன்."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அப்ப சரி. இனி அவனப் பத்திக் கவலையில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.