ஒன்றரைப் பக்கக் கருத்துரை

பாரிமுனை அருகே, அரசு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் தட்டச்சு வேலை பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே அலுவலகம். உள்ளே தலைமை வழக்கறிஞர் ஒருவர், அவருக்குக் கீழே ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒருவர். ஜாமீன் மனுக்களுக்குத் தனி அறை. அங்கே எப்போதும் சந்தைக்கடைச் சத்தம். மாடியில் மேல்முறையீட்டுப் பிரிவு. நான் அங்கேதான் இருந்தேன். அறைக்கு அறை வழக்குக் கட்டுதான் போகும். அதோடு மனிதர்கள் யாரும் போவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஓர் அக்கா வந்தார். ராயபுரத்தில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. கல்மண்டபத்தில் அவருடைய தம்பியைக் குத்திக் கொன்ற வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும் விடுதலையாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

“அப்பீலு போடுவாங்களாம்மா? எந்த ரூமுல கேட்டாலும் மேல போ, கீழ போன்றாங்க.”

பதில் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. மூன்று நாள் முன்பு நான்தான் அடித்தேன். எங்கள் பிரிவு வழக்கறிஞர் எழுதிய ஒன்றரைப் பக்கக் கருத்துரை. மற்ற சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், முதல் சாட்சி நேரத்தை மாற்றிச் சொல்கிறார், ஆகவே மேல்முறையீட்டுக்கு உகந்ததல்ல. அந்த முதல் சாட்சி இவர்தான்.

கருத்துரையை வெளியே சொல்லக் கூடாது. “பாத்துகினு இருக்காங்கக்கா, அடுத்த வாரம் வாங்க” என்றேன். அடுத்த வாரம் ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றார். இரண்டாம் முறை பொய் சொல்ல முடியவில்லை. கீழே வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன்.

“நான் இன்னா மாத்தி சொன்னேன்?”

“போலீஸ் பேப்பர்ல ஏழு மணின்னு கீதுக்கா. கோர்ட்ல ஒன்பதுன்னு சொல்லிக்கீறீங்க.”

வராந்தாத் தூணோரம் உட்கார்ந்தார்.

“ஸ்டேஷன்ல நான் மணியே சொல்லலம்மா. சீரியல் ஓடிகினு இருந்துச்சு, வெளிய சத்தம் கேட்டுச்சுன்னேன். அவுங்களா ஏழுன்னு எழுதிகினாங்க. அந்த சீரியலு ஒன்பது மணிக்குத்தான் வரும்.”

“கோர்ட்டுக்கு முன்னாடி வக்கீல் அதைப் படிச்சுக் காட்டலையா?”

“பழைய சார் மாத்தலாயி பூட்டாரு. புதுசா வந்தவரு படிக்கட்டுல வச்சு பாத்தாரு. பயப்படாம பேசுன்னாரு. அவ்ளோதான்.”

வழக்கைத் தயாரித்தவர், கூண்டில் அவரை விசாரித்தவர், கருத்துரை எழுதியவர் என மூன்று பேரும் ஒரே கட்டடம். எந்த சீரியல் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஏழு மணியையும் ஒன்பது மணியையும் அடித்துவிட்டு, எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

பாதிக்கப்பட்டவர்களே மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லி, இலவச சட்ட உதவி அறையைக் காட்டினேன். தீர்ப்பு நகல் வாங்கும் வரிசையில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். பிறகு வரவில்லை. சட்ட உதவி அறையில் விசாரித்தபோது, அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள்.

மாதங்கள் கழித்து, கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பட்டார். அப்பீலை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

“அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் எங்க தெருவுலதான் கீறான். அவன் பால் வாங்க வர்ற நேரத்துல நான் தள்ளி நின்னுக்குறேன்.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்மா. முன்னாடி போலீஸையும் வக்கீலையும் திட்டிகினு இருந்தேன். இப்போ கேஸு என் வாயாலதான் பூட்ச்சுன்னு தோணிகினே கீது.”

“உங்க தப்பு இல்லக்கா” என்றேன்.

தலையை ஆட்டினார். திருவொற்றியூர் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.