திருப்பிச் செருகிய பிளக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருச்சி மன்னார்புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் தொடங்கியது இது. பழைய கம்ப்யூட்டர் என்றால் எனக்குப் பைத்தியம். காயலான் கடையில் கிடைக்கிற ராம், கார்டு எல்லாம் அள்ளிவந்து, செத்துக் கிடக்கும் பெட்டிகளை ஓடவைப்பேன். "நம்ம கை பட்டா எதுவும் ஓடும்" என்று வாய் வேறு.

அதைக் கேள்விப்பட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆட்டோவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அவருடைய ஒரே மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாளாம். இருபது வருடம் ஆகிறது. அவள் மைக் வைத்துப் பாடியதும் பேசியதும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

"குரலை மட்டும் போன்ல ஏத்திக் குடுத்தா போறும். ஆத்துக்காரி கேக்கணும்னு தவிக்கறா," என்றார்.

ஆன் செய்தேன். முனகிக்கொண்டே வந்தது. மகள் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே பதினொரு ஃபைல்கள். சவுண்டு கார்டு போயிருந்ததால் எதையும் கேட்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததற்கே அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டியிருந்தால் பத்து நிமிட வேலை. அதற்கான கேபிள் மேசை மேலேயே கிடந்தது. எனக்கோ வித்தை காட்டியாக வேண்டும்.

"அது எதுக்கு சார்? பெட்டியையே புதுசு மாதிரி பண்ணி, மாமி முன்னாடியே பாட வச்சிடலாம். நீங்க போயிட்டு வாங்க," என்றேன்.

புது சவுண்டு கார்டு, கூடுதல் ராம், இன்னொரு டிரைவ் எல்லாம் போட்டேன். பவர் வயர் போதவில்லை. காயலான் கடை வயர் ஒன்றை எடுத்து ஹார்ட் டிஸ்கில் செருகினேன். தலைகீழாகப் போய்விடக் கூடாது என்றுதான் அந்த பிளக்கில் இரண்டு மூலைகளைச் சீவி வைத்திருப்பார்கள். அது உள்ளே போகவில்லை. பழசு, இறுகியிருக்கும் என்று கட்டைவிரலால் அழுத்தினேன். நைந்துபோன பிளாஸ்டிக், தலைகீழாகவே உள்ளே போக வழிவிட்டுவிட்டது. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வோல்ட் போயிற்று. ஸ்விட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாடை. கருகியது ஹார்ட் டிஸ்கின் சர்க்யூட் போர்டு.

அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் சர்க்யூட் போர்டைக் கழற்றி இதில் மாட்டினேன். அச்சு அசல் ஒன்று போலவே இருந்தது. ஆனால் டிஸ்க் சுற்றிவிட்டு 'கடக் கடக்' என்று தட்டிக்கொண்டே இருந்ததே தவிர, ஒரு ஃபைல் வரவில்லை. சென்னையில் கெட்டுப்போன டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்கும் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். அந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் கருகிய போர்டோடு போய்விட்டன, இனி முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் போன் செய்யும்போதெல்லாம் "ரெண்டு நாள் ஆகும் சார்" என்று இரண்டு மாதம் கூசாமல் பொய் சொன்னேன்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய், வாசலிலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். அதற்குள் அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"கொழந்தை குரல் வந்துடுத்தா?"

நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "பழசோன்னோ, அதுவா நின்னுபோயிடுத்தாம். இவர் மேல தப்பில்லை."

அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கேள்! காபி சாப்ட்டுட்டுப் போங்கோ," என்றார்.

குடித்தேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெரியவர் கேட்டதை மட்டும் செய்துகொடுக்காமல் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப் போனதால்தான் அவருடைய மகள் இரண்டாவது முறையும் போனாள் என்பது, இன்றும் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் அந்தத் தாய்க்குத் தெரியாது.